முட்டைக் கட்டு

டிரில் டீச்சர் வேலை என்பது, பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டு நாம் வேப்பமரத்தடியில் விசிலோடு நிற்பது. கழுத்தில் விசில் மாட்டிய சகோதரிகளே, நான் செய்த தப்பை நீங்களும் செய்திருப்பீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

கஞ்சி

எழுபதுகளில் சித்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருந்தேன். வரதய்யபாளையத்துக் கூலிக்காரர் மகள் எஸ்தர், ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். எண்ணூறு மீட்டரில் அவளை மிஞ்ச ஆளில்லை. மாவட்டப் போட்டியில் ஜெயித்தால், என்னைப்போல டிரில் டீச்சர் ஆகிற படிப்புக்கு இடம் கிடைக்கும். அது ஒன்றுதான் அவள் கனவு.

"உடம்பு லேசாக இருந்தால்தான் கால் பறக்கும்" என்று எனக்கு யாரோ சொன்னதை அவளுக்கும் சொல்லிவைத்தேன். மறுநாளே காலைக் கஞ்சியைப் பக்கத்துப் பிள்ளையிடம் தள்ளிவிட்டாள். ராத்திரிக்கும் அரை வயிறுதான். சமையல்கார அம்மா என்னிடம் கேட்டாள்: "ஓட்றவ துன்னாம ஓட்றா, குந்திக்கினு கீறவ ரெண்டு பங்கு துன்றா. இன்னா நாயம் டீச்சரம்மா இது?"

மூன்று நாள்

மாதம் மூன்று நாள் பிள்ளைகள் டிரில்லுக்கு வராமல் ஒதுங்குவார்கள். எஸ்தர் ஒதுங்கவே இல்லை. அவளைப் பாருங்கள் என்று மற்றவர்களைத் திட்டினேன். சாயங்காலம் எஸ்தர் தனியாக வந்து சந்தோஷமாகச் சொன்னாள்: "ஆறு மாசமா வர்ல டீச்சர். போட்டி வரைக்கும் வரக்கூடாதுன்னு ஜெபம் பண்ணேன், நின்னுபோச்சு."

எனக்கும் சந்தோஷம்தான். சாப்பாடு போதாமல்தான் நின்றது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அம்மா

கிறிஸ்துமஸ் லீவில் விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்கு வேறென்ன தோன்றும்? மருத்துவச்சியிடம் காட்டியிருக்கிறாள். கர்ப்பமில்லை என்று தெரிந்தும் தூக்கம் வராமல் பள்ளிக்கே வந்துவிட்டாள். ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று பெரிய டாக்டர் மாதிரி சமாதானம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஒப்புக்குக் கேட்டும் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "வேணாம் டீச்சரம்மா. ஆஸ்பத்திரி வாசல்ல எங்கள யாராச்சும் பாத்துட்டா, ஊரு வேற கதை கட்டும்."

புத்தூர்

திருப்பதியில் மாவட்டப் போட்டி. இரண்டாம் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். விழவில்லை, யாரும் இடிக்கவுமில்லை. கால் மட்டும் ஊன்ற முடியவில்லை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்போன புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

கட்டுக் கட்டுகிறவர் முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்து, எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்றார். இனிமேல் ஓட்டம் கூடாது என்றும் சொன்னார். எஸ்தர் அழவில்லை. அவர் மூங்கில் பத்தையை வைத்து, துணியில் முட்டையை உடைத்து ஊற்றினார். அவளுடைய ஒட்டிய கன்னத்தையும் என் விசிலையும் மாறி மாறிப் பார்த்தார்: "இந்த முட்டை வயித்துக்குள்ள போயிருந்தா, கால் மேல கட்ற வேலை எனக்கு வந்திருக்காதும்மா."

வாசலில் வந்து நிற்கிற தபால்காரரைக்கூட "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிற ஊரில், மூன்று வருஷம் என் கண்ணெதிரே ஓடிய பிள்ளையைக் கேட்காமல் நான் ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.