அவள் முகர்ந்து சொன்ன விஸ்கி

"போன வாரம் என்னாப்பா குடிச்ச?" என்றுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும்.

கேட்பவர் கப்பல்காரர். எங்கள் அடுத்த தெருக்காரர், சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலை. வருடத்தில் பாதி கடலில், பாதி செவிலிமேட்டில். பதில் சொல்பவர்கள் நானும் பி.டி. மாஸ்டரும். மாஸ்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. நான் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துப் போடுகிறவன். வாரம் முழுக்கக் கல்யாணக் கோஷ்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, "இது மாம்பழ மஞ்சள் இல்லீங்க, பழுத்த எலுமிச்சை மஞ்சள்" என்று நிறத்துக்குப் பெயர் சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது. ஞாயிறு வந்தால் அதே வாயால் விஸ்கிக்குப் பெயர் சொல்வேன்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆளுக்குக் கொஞ்சம்தான். பாட்டிலைக் காலி செய்வதல்ல எங்கள் நோக்கம். ஊற்றி, அப்படியே வைத்து, முகர்ந்து, ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மறுபடியும் முகர்ந்து, அதற்கப்புறம்தான் நாக்குக்கு. போன ஞாயிறுக்கும் இந்த ஞாயிறுக்கும் நடுவே யார் என்ன குடித்தார்கள், எங்கே, எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கப்பல்காரர் கடலில் இருந்தால் ஏதாவது துறைமுகத்தில் இறங்கியபோது போனில் சொல்வார். பல வாரம் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. நல்ல பாட்டில் இந்த ஊரில் சுலபமாகக் கிடைக்கிற சாமானா? அப்போதெல்லாம் மாஸ்டர், "ஒண்ணுமில்லண்ணா, கல்யாண வீட்டுல ஒரு ரசம் குடிச்சேன்" என்று ஆரம்பித்து, அந்த ரசத்தையே விஸ்கி மாதிரி விவரிப்பார். நாங்களும் மரியாதையாகக் கேட்போம்.

என் மனைவி மட்டும் மாடிக்கு வரமாட்டாள். வறுத்த வேர்க்கடலைத் தட்டைப் படிக்கட்டின் மேல்படியில் வைத்துவிட்டு, கரண்டியால் தட்டி ஒரு சத்தம் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவாள். கோபம் என்று சொல்ல முடியாது. அவள் முசரவாக்கத்துப் பெண். அவளுடைய அப்பா கூலிக்குப் போய் வந்த காசில் பாதியைக் குடித்தவர். கல்யாணமான புதிதில் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள்: "எங்கப்பா வூட்டுக்கு வந்தா முதல்ல நாத்தம் உள்ள வரும். அப்புறம்தான் அவரு வருவாரு." அதற்குமேல் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஞாயிறு முடிந்ததும் கிளாஸ்களை நானே கழுவி, மாடியிலேயே ஒரு மரப்பெட்டியில் வைத்துவிடுவேன்.

கொரோனா இரண்டாவது முறை ஊரைப் பிடித்தபோது எனக்கும் வந்தது. மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல், இருமல், அசதி, அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்த அன்று காலை மனைவி பில்டர் காபி கொண்டுவந்தாள். சூடாக, கொஞ்சம் கசப்பாக ஏதோ உள்ளே போனது. "டிகாக்ஷன் ஊத்தலியா?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். வாசனையே இல்லை, வெறும் டப்பா.

எல்லோருக்கும் வாசனை திரும்பி வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. வாரங்கள் மாதங்களாயின. ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கிப் பாத்திரம் கருகிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து அவள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வாசனை போனால் ருசி போகும் என்று தெரியும். ஊரே போய்விடும் என்று தெரியாது. வரதர் கோயில் பக்கம் பூக்கடைகளைத் தாண்டிப் போவேன். கண்ணுக்கு மட்டும் பூ. கடையில் கட்டுப் பிரித்தால் புதுப் பட்டின் அந்தக் கஞ்சி வாடை இல்லை. மழை பெய்யும், மண் சும்மா நனையும். படம் பிடித்து மாட்டிய ஊருக்குள் நடப்பது போல இருந்தது.

எங்கள் ஞாயிற்றுக் கூட்டம் மறுபடி தொடங்கியபோது மாஸ்டர் பெங்களூரிலிருந்து யாரோ கொண்டுவந்த பாட்டிலோடு வந்தார். ஊற்றினோம். முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. வாயில் வைத்தேன். மருந்துக்கடை ஸ்பிரிட்டைச் சூடு பண்ணினால் எப்படியோ அப்படி. எரிந்துகொண்டே இறங்கியது.

"வேணாண்ணா, கொஞ்ச நாளு நிறுத்தி வைப்போம்" என்றார் மாஸ்டர்.

"நிறுத்தாத. நீ குடிச்சிக்கினே சொல்லு. நான் கேக்கறேன்."

அவர்கள் சொன்னார்கள். பாவம், எனக்காகக் கூடுதலாகவே சொன்னார்கள். தேன் என்றார்கள், முந்திரி என்றார்கள். பக்கத்து ஊர்த் திருவிழாவின் மேளச் சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகும் காலிக் கிளாஸை மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மருத்துவர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். தினமும் கிராம்பு, எலுமிச்சைத் தோல், ரோஜா, யூகலிப்டஸ் தைலம் நாலையும் முகர்ந்து, அந்த வாசனையை மனதுக்குள் நினைத்துப் பார்க்க வேண்டும். மனைவி காலையில் என்னை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொன்றாக மூக்கடியில் பிடிப்பாள். வெறுமனே பிடிக்க மாட்டாள், சொல்வாள். "இது கெராம்பு. நம்ம பெரியவனுக்குப் பல்லு வலிச்சப்ப ராத்திரியெல்லாம் வாயில அடக்கி வெச்சானே, காலைல அவன் தலகாணில வந்த வாசன." எனக்கு அந்தத் தலையணை நினைவுக்கு வந்துவிடும். வாசனை மட்டும் வராது.

அந்த வருடக் கடைசியில் கப்பல்காரர் விடுப்பில் வந்தார். ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் காய்ச்சுகிற புகை விஸ்கி ஒன்றைப் பற்றி நாங்கள் வருடக்கணக்காகப் பேசியிருக்கிறோம். மூவரில் யாரும் குடித்ததில்லை. அதைக் கொண்டுவந்திருந்தார். பையிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "வாங்கிட்டேன்பா. எப்பவோ வாங்கணும்னு நெனச்சது. உனக்கு இப்பிடி ஆவும்னு..." என்று இழுத்தார்.

"ஊத்துண்ணா" என்றேன்.

ஊற்றினார். இருவரும் முகர்ந்தார்கள். மாஸ்டரின் புருவம் ஏறியதைப் பார்த்தேன். கப்பல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் காத்திருந்தேன்.

"பொகை" என்றார் கப்பல்காரர்.

"பொகைதான்" என்றார் மாஸ்டர்.

"பொகைன்னா என்ன பொகை? பீடியா, சாம்பிராணியா, பஸ்ஸா?"

"நல்ல பொகைப்பா. எப்பிடிச் சொல்றது... நல்லாருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை. இவ்வளவு வருடம் காத்திருந்தது கையில் இருக்கிறது, பக்கத்தில் இரண்டு பேர் அதற்குள் போய்விட்டார்கள், நான் மட்டும் வாசலில் நிற்கிறேன். கண் கலங்கிவிட்டது. ஐம்பது வயது ஆள், விஸ்கிக்காக அழுதால் என்ன சொல்வார்கள்? தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது வேர்க்கடலைத் தட்டோடு அவள் மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தட்டைக் கீழே வைத்தாள். நேராக வந்து என் கையிலிருந்த கிளாஸை வாங்கினாள். கப்பல்காரர் பதறி எழுந்துவிட்டார். "ஐயோ, நீ எதுக்கும்மா..."

"குடிக்கலண்ணா. மோந்துதான் பாக்கறேன்."

முதல் தடவை முகர்ந்ததும் முகத்தைச் சுளித்துத் தூரமாகப் பிடித்தாள். பிறகு மறுபடி கிட்டே கொண்டுவந்தாள். காலையில் எனக்குக் கிராம்பு பிடிக்கும்போது எப்படி நிதானமாகப் பேசுவாளோ அதே குரலில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஈர வெறகு பொகைஞ்சா வருமே, மொதல்ல அது. அப்புறம்... ஆஸ்பத்திரி வராண்டா. நம்ம சின்னது வுழுந்து முட்டியப் பேத்துக்கினு வந்தப்ப தடவினாங்களே, அந்த மருந்து. அப்புறம் கருவாடு சுட்ட கை. கை கழுவினாலும் ராத்திரி வரைக்கும் ஒட்டிக்கினு இருக்குமே, அது." இன்னொரு தடவை முகர்ந்தாள். "கடைசில தித்திப்பா ஒண்ணு வருது. தோலு கறுத்துப்போன வாழப்பழம்."

எனக்கு மூக்கில் எதுவும் வரவில்லை. ஆனால் வாயில் எச்சில் ஊறியது. கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தேன். எரிச்சலுக்கு நடுவே ஈர விறகும், ஆஸ்பத்திரி வராண்டாவும், கருவாடு சுட்ட கையும் ஒவ்வொன்றாக வந்து போயின. அவை நாக்கில் வந்தனவா நினைப்பில் வந்தனவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் கீழே நின்றே கூப்பிட்டார். அவர் வீட்டு வழக்கப்படி அண்ணியை வதினா என்பார். "வதினா, நீங்களும் மேல வாங்க. நீங்க வந்தாத்தான் நடக்கும்." நாலாவது நாற்காலி வந்தது. எல்லா விஸ்கிக்கும் அவளிடம் பதில் இருந்தது என்று சொல்ல மாட்டேன். சிலதை முகர்ந்துவிட்டு, "ஒண்ணும் தெரியலப்பா, சாராய வாசனதான் வருது" என்று நீட்டிவிடுவாள். ஒன்றை முகர்ந்து, "பீரோல வெச்ச கல்யாணப் புடவ, நாப்தலீன் உருண்டையோட" என்றாள். ஒரு சொட்டும் குடிக்கவில்லை. குடிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

கோடையில் ஒரு ஞாயிறு எங்களிடம் எதுவும் இல்லை. கப்பல்காரர் கடலுக்குத் திரும்பியிருந்தார். மாஸ்டர் அரசுக் கடையிலிருந்து சாதாரணக் குவார்ட்டர் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே ஊற்றினார். "இதையெல்லாம் மோக்க வேணாம் வதினா" என்று சிரித்தார். அவள் கையை நீட்டிவிட்டிருந்தாள்.

முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். கிளாஸை மடியில் இறக்கி இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"என்னா வருது?" என்றேன்.

"எங்கப்பா."

மாஸ்டர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தச் சட்ட. வேர்வ, பீடி, இந்த வாட. தோள் மேல தூக்கிக்கினு ஏரிக்கரைல நடப்பாரு. நான் அவரு தலையப் புடிச்சிக்கினு இருப்பேன். அதுவும் நடந்துதுங்க. அத நான் மறந்தே பூட்டேன்." குரல் உடையவில்லை, ஆனால் கண்ணீர் ஓடியது. "செத்தப்ப கூட நான் இந்த அளவுக்கு அழுவல. நாத்தம் தொலஞ்சிதுன்னுதான் நெனச்சேன்."

அந்தக் கிளாஸை எங்களுக்குத் தரவில்லை. "இது இங்கியே இருக்கட்டும்" என்று கீழே எடுத்துப்போய்ச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். விஸ்கி காற்றில் வற்றிப்போகும்வரை அது அங்கேயே இருந்தது. பாத்திரம் துலக்கும்போது இடையில் குனிந்து ஒருமுறை முகர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. ஒரு மூச்சில் அவளுக்கு அப்பா கிடைத்துவிட்டார். என் அம்மாவின் புடவைத் தலைப்பில் இருந்த அந்த வாசனை, அது எப்படி இருக்கும் என்று வார்த்தையில் எனக்குத் தெரியும், அவ்வளவுதான் தெரியும்.

அதற்குப் பிறகு மூக்கு திரும்பியது, ஆனால் கோணலாக. காபி தீய்ந்த ரப்பராக நாறியது. வெங்காயம் வதக்கினால் வீட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை அவள் தலையில் வைத்த மல்லிகை. ஒரு சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், எனக்கு அழுகிய ஏதோ குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிவிட்டேன். அவள் எழுந்துகொண்டாள். பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து கோயிலுக்குப் போனால்கூடப் பூ வைத்துக்கொள்வதில்லை.

சரியான முதல் வாசனை கடையில் வந்தது. தறியிலிருந்து வந்த புதுப் புடவைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மெல்லிசாக, தூரத்திலிருந்து, பட்டுக்குப் போட்ட கஞ்சி. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள், "என்னங்க ஆச்சு?" என்றாள். "ஒரு நிமிசம்மா" என்று எழுந்துபோய் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"வருதுடி. பட்டு வருது."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "மல்லி வருதா?" என்றாள்.

"வரும்" என்றேன்.

இப்போது எலுமிச்சை வருகிறது, கற்பூரம் வருகிறது, காபி முக்கால்வாசி வருகிறது. மல்லிகை நாறுவது நின்றுவிட்டது. ஆனால் மல்லிகையாக இன்னும் வரவில்லை. விஸ்கியில் பழம் சில நாள் தட்டுப்படும், சில நாள் இல்லை. வந்தவரைக்கும் லாபம் என்கிறார் மாஸ்டர்.

போன ஞாயிறு எங்கிருந்தோ கப்பல்காரர் போன் செய்தார். காற்று இரைச்சல். "தங்கச்சி இருக்குதா? அதுகிட்ட குடுப்பா" என்றார். ஜப்பானில் ஏதோ ஒன்று குடித்தாராம். அவள் போனைக் காதில் வைத்து உம், உம் என்று கேட்டுக்கொண்டாள். "சந்தனம்னா அரைச்சதா, கட்டையாண்ணா?" என்று இடையில் விசாரித்தாள். போனை வைத்துவிட்டு அவர் சொன்னதை எனக்குத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னாள்: புதுசா இழைத்த மரக்கதவு, அதன்மேல் கொஞ்சம் சந்தனம், மழை விட்ட பிறகு.

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் கிளம்பிப் போயிருந்தார். அவள் நாற்காலிகளை அடுக்கினாள்.

"இன்னொரு தடவ சொல்லேன்" என்றேன்.

அடுக்கியதில் ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள்.