உச்சியில் விட்ட மிளகு

மாரமங்கலத்துச் சித்தனுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் சந்திரசேகருக்குக் குப்பனூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்தான் அம்மணி. மாமியார் பாவாயிக்கு ஒன்றுவிட்ட தம்பி மகள். மலைக்குக் கீழே பிறந்தவள் மலையேறி வந்தாள், வந்தவள் வந்தவள்தான். சித்தன் கண்ணை மூடினார், சந்திரசேகர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான், பாவாயிக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. கட்டிலோரம் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். பாவாயி நல்ல கையால் அதைத் தட்டினால் அம்மணி ஓடி வரவேண்டும். அந்தச் சத்தம் எட்டுகிற தூரம்தான் அவளுக்கு ஊரும் உலகமும்.

தோட்டத்தில் நின்றாலும் வானம் சரியாகத் தெரியாது. காப்பிச் செடிகளுக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள், மரமெல்லாம் மிளகுக்கொடி. ஆண்கள் மூங்கில் ஏணி சாத்தி ஏறிப் பறிப்பார்கள், பெண்கள் கீழே சிந்தியதைப் பொறுக்குவார்கள். அதுதான் அங்கே வழக்கம். கொழுந்தன் ராஜேந்திரன் ஏறும்போதெல்லாம் அம்மணி அண்ணாந்து கேட்பாள்: "அங்கிருந்து எங்கூருப் பக்கம் தெரியுதுங்களா தம்பி?"

"மிளகுதான் தெரியுதுங்க அண்ணி."

இந்த வருஷம் ராஜேந்திரன் பைக்கிலிருந்து விழுந்து, கால் கட்டோடு உட்கார்ந்துவிட்டான். கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. மிளகு சிவந்து குருவி கொத்த ஆரம்பித்தது. அம்மணி புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, சேலையை வரிந்து, இடுப்பில் சாக்கைக் கட்டினாள்.

"நீங்க விழுந்து வெச்சா எங்கண்ணனுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

"நீங்க பைக்குல விழுந்ததுக்கு நான் அவருக்கு என்ன சொன்னனோ, அதையே சொல்லுங்க."

பாதி உயரத்தில் ஏணி ஆடியது. இறங்கிவிட்டால் இனி ஒருநாளும் ஏறமாட்டோம் என்று நினைத்தாள், பறித்துக்கொண்டே ஏறினாள்.

உச்சியிலிருந்தும் குப்பனூர் தெரியவில்லை. அங்கே இறங்குகிற சாலையின் ஒரு வளைவு மட்டும் முறம் அகலத்துக்குத் தெரிந்தது. ஒரு பஸ் வந்து, திரும்பி, மறைந்தது. கீழே பார்த்தாள். வீட்டுக் கூரை, தண்ணீர்க் குழாய், மாட்டுக் கொட்டகை. கையை நீட்டியதும் எல்லாம் உள்ளங்கைக்குள் மறைந்துபோயின. இதற்குள்ளேதானா இத்தனை வருஷமும் ஓடினோம் என்று கையை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தாள். டம்ளர் சத்தம் அங்கேயும் கேட்டது. இன்னொரு பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

"தட்டித் தட்டிக் கை ஓஞ்சு போச்சு. எங்க புள்ள போய்த் தொலைஞ்ச?"

"மெளகு மரத்து மேல இருந்தேனுங்க அத்தை."

பாவாயி டம்ளரைத் தள்ளி வைத்தாள். "என்ன தெரிஞ்சுது?"

"ஒரு பஸ்ஸு போச்சுங்க. கீழ எறங்கறது."

"மேல வர்றது ஒண்ணும் வரலியா?"

அத்தை யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று அம்மணிக்குத் தெரியும். பொங்கலுக்கே சந்திரசேகர் வரவில்லை. "இன்னும் வரலீங்க" என்று கஞ்சியை ஆற்றினாள்.

வாசலிலிருந்து ராஜேந்திரன் கத்தினான்: "அண்ணி, உச்சியில நாலு கொத்து அப்படியே நிக்குது! கண்ணு தெரியலீங்களா?"

"நொம்ப நல்லாத் தெரிஞ்சுதுங்க தம்பி. நாளைக்கு ஏறோணுமில்ல!"

அன்றைக்கு அவள் ஏணியை மரத்திலிருந்து எடுக்கவில்லை.