இறக்கைக்குள் போகிற மாமா

எங்கள் மாமாவுக்கு ஆகாய விமானத்தின் இறக்கைக்குள் வேலை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது ஒருத்தி கூட நம்பவில்லை. ஆவடிக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு டாங்க் என்றால் அப்பாக்கள் தொழிற்சாலையில் செய்கிற பீரங்கி வண்டிதான். என் மாமா டாங்குக்குள் படுத்துக்கொண்டு வேலை செய்கிறார், அந்த டாங்க் இறக்கையில் இருக்கிறது என்றால், பீரங்கிக்கு ஏதடி இறக்கை என்று கைகொட்டிச் சிரித்தார்கள். அன்றைக்கு நான் மூக்கைச் சிந்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை நூம்பல் கிராமத்தில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அம்மாதான். கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது பித்தளைப் பாத்திரங்களோடு அவரையும் கூட்டி வந்துவிட்டாள் என்று அப்பா அவ்வப்போது சொல்லிக் காட்டுவார். வளர்ந்து, தொழில் படித்து, மீனம்பாக்கத்தில் விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் மாமா வேலைக்குச் சேர்ந்தார்.

"ஏரோப்ளேனுக்கு எண்ணெ வயித்துல இல்லடி, றெக்கையில கீது" என்று அவர்தான் எனக்கு விளக்கினார். இறக்கைக்குள் தனியாக டப்பா எதையும் வைப்பதில்லையாம். இறக்கையே தொட்டி. தகடுகள் சேருகிற இடங்களில் ரப்பர் மாதிரி ஒரு பசையைப் பூசிவிட்டால் உள்ளே எண்ணெய் நிற்கும். பறந்து பறந்து அந்தப் பசை வெடித்தால் சொட்டுச் சொட்டாகக் கசியும். அப்போது எண்ணெயை முழுக்க இறக்கி, உள்ளே காற்றை ஊதி வாடையைப் போக்கி, ஓர் ஆள் நுழைந்து பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். நுழைவதற்கு இறக்கையின் அடியில் முட்டை வடிவத்தில் ஓர் ஓட்டை இருக்கும். நம் வீட்டு முறத்தைவிடச் சின்னது. அதில் நுழையக்கூடிய உடம்பு அந்தக் கொட்டகையிலேயே எங்கள் மாமாவுக்குத்தான் இருந்தது. பெரிய பெரிய இன்ஜினியர்கள் குனிந்து நின்று, தம்பி உள்ளே என்ன தெரிகிறது என்று அவரைக் கேட்பார்களாம். அதைச் சொல்லும்போது மாமாவின் நெஞ்சு கொஞ்சம் விரியும். விரிந்தாலும் பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது.

அதே அளவுக்கு ஒரு ப்ளைவுட் பலகையில் ஓட்டை அறுத்து, கொல்லையில் துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே நிறுத்தி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதில் நுழைந்து பார்ப்பார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே போகும், பிறகு தலை, பிறகு ஒரு தோளைச் சாய்த்து இன்னொரு தோள். இடுப்பு தாண்டிவிட்டால் அந்த வாரம் வேலை உண்டு என்று அர்த்தம். நானும் என் தம்பியும் அவர் பின்னாலேயே நுழைந்து வருவோம்.

இந்தச் சமயத்தில்தான் வேப்பம்பட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பார்க்கப் போய்த் திரும்பிய மாமா, இரண்டு நாள் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் பெண்ணின் அப்பா, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனால் உடம்பைப் பார்த்தால் உள்ளுக்குள் ஏதாவது நோவு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு மாதம் கழித்து வீடு பார்க்க வருகிறோம், அப்போது பேசிக்கொள்ளலாம்.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இளைத்தவனுக்கு எள்ளு என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதம் எள்ளைத் தவிர வேறு வாசனையே இல்லை. காலையில் உளுந்தங்களியில் குழிவெட்டி நல்லெண்ணெய், சாயங்காலம் எள்ளுருண்டை, படுக்கப் போகும் முன் நேந்திரம்பழம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால்.

"யக்கா, நான் குண்டாயிட்டா அவங்க என்னை உள்ள உடமாட்டாங்க!" என்று மாமா கெஞ்சினார்.

"உடலன்னா போ. வேற வேலையா இல்ல அங்க?"

இருந்தது. இறக்கைக்குள் ஈரம் வேர்த்து, தண்ணீராகி அடியில் தங்குமாம். அது எண்ணெயோடு போய் மேலே குளிரில் உறைந்தால் குழாயை அடைத்துவிடும். அதனால் தினம் காலையில் இறக்கையின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எண்ணெய் பிடித்து, தண்ணீர் தனியாக நிற்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு எந்த உடம்பும் போதும். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. பாட்டிலைத் தூக்கிப் பார்க்கவா நான் பிறந்தேன் என்பார்.

ஆகவே அவர் திருட்டுத்தனத்தில் இறங்கினார். எள்ளுருண்டையெல்லாம் எனக்கும் தம்பிக்கும் வந்தது. ஆபீஸ் கேன்டீனில் கொள்ளு ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். பெண்ணுக்காகச் சதை போட வேண்டும், இறக்கைக்காக இளைக்க வேண்டும் என்று அந்த மனிதர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது பாவமாக இருக்கிறது. அப்போது எங்களுக்கு எள்ளுருண்டைதான் முக்கியம். பத்து நாளில் என் பாவாடை இடுப்பில் ஏறாமல் போகவே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதன்பிறகு மாமா விழுங்கி முடிக்கும்வரை கரண்டியோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பலகையையும் படுக்கப் போட்டு அதன்மேல் துணி விரித்து வடகம் பிழிந்துவிட்டாள். காய்ந்ததும் மறுபடி பிழிந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை நின்றுபோனது.

வேப்பம்பட்டுக்காரர்கள் வந்த அன்று வடகத் துணி எடுக்கப்பட்டு, பலகை பழைய இடத்தில் நின்றது. சாப்பாடு முடிந்து கை கழுவக் கொல்லைக்கு வந்த பெண்ணின் அப்பா அதைப் பார்த்தார்.

"இது என்ன, புறாக்கூட்டுக்கா?"

வம்பை விலைக்கு வாங்குவதில் எங்கள் அப்பாவுக்கு இணை கிடையாது. "மாப்பிள்ளையோட தொழிலே இதுலதாங்க இருக்கு. மாப்ள, சும்மா ஒரு தடவை காட்டேன்!" என்றார்.

"சாப்ட்டு கீறேன் மச்சான், அப்பால..."

"அட, பெரியவர் ஆசையா கேக்குறாரு."

பெரியவர் கேட்கவே இல்லை. ஆனாலும் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நுழைந்தார். கைகள் போயின. தலை போனது. தோள்கள் வழக்கம்போலச் சாய்ந்து போயின. அப்புறம் வயிறு வந்தது. ஒரு மாத உளுந்தும் அன்றைய வடையும் பாயசமும் அங்கேயே நின்றுவிட்டன. மாமா முன்னால் உந்தினார். பின்னால் உந்தினார். பலகையோடு சேர்ந்து மெல்லச் சாய்ந்து துவைக்கிற கல்லில் படுத்துக்கொண்டார்.

"ரிவர்ஸ்ல எடுங்க! ரெண்டு பேரு கால பிடிங்க, மெல்ல, மெல்ல!" என்று பெண்ணின் அப்பா ஷண்டிங் பார்ப்பவரைப் போலக் கையைக் காட்ட ஆரம்பித்தார். நல்லெண்ணெய் ஊற்றினார்கள். சோப்பு போட்டார்கள். பட்டுச்சட்டை நாசமானதுதான் மிச்சம். கடைசியில் அப்பா ரம்பம் கொண்டுவந்து பலகையை அறுத்தார். மாமா இரண்டு துண்டுகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, யாரையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணமும் போயிற்று, இறக்கையும் போயிற்று என்று அவர் முகமே சொன்னது.

பெண்ணின் அப்பாவோ நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார். "நோவு உள்ள உடம்புக்கு இப்படிச் சதை பிடிக்காதும்மா. எனக்குத் திருப்தி. நாள் பார்த்துடலாம்" என்றார்.

அவர்களை ரயில் ஏற்றிவிட அப்பா ஸ்டேஷனுக்குப் போனார். அம்மா கொல்லையில் பலகைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெந்நீர் அடுப்புக்கு ஆகும். மாமா எண்ணெய் வழிய வழிய அவள் எதிரில் போய் நின்றார்.

"யக்கா, நான் றெக்கைக்குள்ள போவக் கூடாதுன்னு வேணும்னே தானே செஞ்சே?"

"ஆமாண்டா. வேணும்னேதான் செஞ்சேன்."

"கல்யாணம்தான் உனக்குப் பெருசு, இல்ல? என் வேலை..."

"கல்யாணம் கெடக்குது!" அம்மா கையிலிருந்த துண்டைக் கீழே போட்டாள். "உன்கூட வேலை செய்ற ஆளு போன மாசம் ஊட்டுக்கு வந்தான். நீ இல்ல. றெக்கைக்கு வெளியே நின்னுகினு தட்டுவானாம், நீ உள்ளேர்ந்து திருப்பித் தட்டணுமாமே? தட்டித் தட்டிப் பாத்தோம், சத்தமே வரல, கால புடிச்சி இழுத்துப் போட்டோம்னு சொல்லிட்டுப் போனான். நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது ஒண்ணும் இல்லக்கா. உள்ள வாடை கொஞ்சம் மிச்சம் இருந்துது. கொஞ்ச நேரம் தூங்கிட்டேன். அவ்ளோதான்."

அம்மா அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கோ மாமாவுக்காகக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நைட் ஷிப்டில் நன்றாகத் தூங்கிவிட்டு வந்து அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார், அம்மா சிரிப்பாள். மாமா ஒரே ஒரு நாள் தூங்கியதற்கா இவ்வளவு?

"தூக்கம் வந்தா மாமா இன்னாம்மா பண்ணுவாரு?" என்று நடுவில் போய் நியாயம் கேட்டேன்.

அம்மா எனக்கும் ஒன்று வைத்தாள். எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை.