பாலில்லாத வீடு

எங்கள் வீட்டில் இன்றும் பால் விடாத வரக்காப்பிதான். வருகிறவர்கள் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த வாசனை வந்தால், தொண்ணூறுகளில் மதுரையிலிருந்து காரைக்குடிக்குத் திரும்பிய ஒரு பஸ் பயணம் ஞாபகம் வந்துவிடும்.

என் மனைவி தாய்மாமன் மகள். எங்கள் மூத்த மகன் பிறந்து பத்தே நாளில், குடித்த பாலையெல்லாம் வாந்தியெடுத்து, மஞ்சள் காமாலை கண்டு இறந்துபோனான். "உன் பால்தான் விஷம்" என்று அவளிடம் சொன்னேன். ஆம், சொன்னேன்.

அடுத்துப் பிறந்த மகளுக்கும் அதே வாந்தி. மதுரைக்கு ஓடினோம்.

"சொந்தத்துல கட்டினீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

திட்டுவாரோ என்று பயந்து, "இல்லை" என்றேன்.

"இவுக அம்மாவும் எங்கப்பாவும் கூடப்பிறந்தவுக" என்றாள் அவள்.

டாக்டருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. உடனே பாலை நிறுத்திச் சோயா பால் கொடுக்கச் சொன்னார். பிள்ளை தேறினாள். எங்கள் மூவர் ரத்தமும் மரபணுச் சோதனைக்குப் பெங்களூர் போனது.

ஒரு மாதம் கழித்து முடிவைக் கேட்க மறுபடி மதுரைக்குப் போனோம். பாலிலுள்ள சர்க்கரை உடம்பில் செரிக்காத பரம்பரைக் குறை; அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி.

திரும்பும் பஸ்ஸில், "எங்கிட்டயும் பாதி இருந்திருக்கு" என்றேன் மெதுவாக.

"அப்ப மூத்தவனுக்கு உங்க பங்கையும் சேத்து நானே அழுதிருக்கேன்" என்றாள்.

திருப்பத்தூர் தாண்டும்போது நான் உடைந்து அழுதேன். அவள் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை என் மடிக்கு மாற்றினாள். மூத்தவனை நான் ஒரு தடவைகூட அப்படி மடியில் வைத்திருந்ததில்லை.