ஓவர்டைமில் பிடித்த பணம்

வீரம்மாள் மண்ணச்சநல்லூர்க்காரி. அரிசி மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த அவள் அப்பா, மகள் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் டைப் படிக்கத் திருச்சிக்கு அனுப்பினார். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்தாள். கணவன் பெரியண்ணன் முசிறி பஸ்ஸில் கண்டக்டர். அரியமங்கலத்துப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவள் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது, பதினான்கு பேர் இருந்த ஆபீசில் அவள் ஒருத்திதான் பெண். தப்பு வந்தால் முதலில் தன் பக்கம்தான் எல்லாரும் திரும்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எதையும் இரண்டு தடவை பார்ப்பாள்.

அப்படிப் பார்த்ததால்தான் 1964 மார்ச் மாதம் அவள் தூக்கம் போயிற்று.

வருஷக் கடைசி. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கிய ஒன்பது மேஸ்திரிகளுக்குச் சம்பள சர்டிபிகேட் அடித்துக்கொண்டிருந்தாள். பாய்லர் மேஸ்திரி சவரிராயன் கணக்கில் கை நின்றுவிட்டது. மில்லுக்கென்று தனியாக, டிரஸ்டிகள் பொறுப்பில் ஒரு பிராவிடண்ட் ஃபண்டு இருந்தது. அடிப்படைச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு பிடிப்பார்கள். மில்லும் அதே அளவு போடும். சவரிராயனுக்கு அதைவிட அதிகமாகப் பிடித்திருந்தார்கள். ஏப்ரலிலிருந்து பதினொரு மாதமும் ஓவர்டைம் கூலியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். மற்ற எட்டுப் பேருக்கும் அப்படியேதான்.

ஃபண்டில் கூடுதலாகப் போனால் நல்லதுதானே என்று விட்டுவிட முடியாது. மில் போடும் பங்கும் அதே அளவு ஏறியிருக்கும்; அது அடிப்படைச் சம்பளத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டினால், தாண்டியது முழுவதும் அந்த வருஷ வருமானம் என்று வரி போடுவார்கள். கையில் வராத பணத்துக்கு அந்த ஒன்பது பேரும் வரி கட்ட வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கணக்கைத் திருத்தி, பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தால் தப்பலாம். அதற்குப் பன்னிரண்டே நாள் இருந்தது.

ஹெட்கிளார்க் அழகிரியிடம் தாளைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க சார்."

"சொல்லாதே. இருக்கிற மாதிரியே அடிச்சுடு. அவங்க பணம் அவங்க ஃபண்டுலதானே இருக்கு? எனக்கு இன்னும் ஒன்றரை வருஷந்தாம்மா சர்வீசு."

"வரி ஆபீசுல கேட்டா, சார்?"

"கேட்டாப் பார்த்துக்கலாம்."

வீட்டுக்குப் போகிற வழியில் காவேரிப் பாலத்தில் பஸ் குலுங்கினாலும் அவளுக்கு உறைக்கவில்லை. போன ஏப்ரலில் மேஸ்திரிகளின் புதுச் சம்பளப் பட்டியல் அடிக்க வந்தபோது, "ஓவர்டைமும் சேருமா சார்?" என்று அவள் கேட்டிருந்தாள். "எல்லாம் சேர்த்தே போடு" என்று அழகிரி தலை நிமிராமல் சொன்னார். அதை எழுதி வாங்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

பெரியண்ணனிடம் சொன்னாள். "நீ வாயைத் திறந்தா உன் தலையிலதான் கட்டுவாங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "திறக்கலைன்னா உனக்குச் சோறு இறங்காதே" என்றும் சொன்னான்.

மறுநாள் காலை அவள் மானேஜர் அறைக்குப் போவதற்குள் மானேஜரே கூப்பிட்டனுப்பினார். உள்ளே அழகிரி முந்திக்கொண்டு வந்து நின்றுகொண்டிருந்தார். மேஜை மேல் அவளுடைய தாள்.

"சம்பளப் பட்டியல்ல தப்புப் பண்ணியிருக்கீங்களாமே. பதினொரு மாசம்! தூங்கிக்கிட்டா டைப் அடிச்சீங்க?"

வீரம்மாள் அழகிரியைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுவிட்டால் காரியம் கெட்டுப்போகும் என்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சது நான்தான் சார். ஆனா ஏப்ரல்ல நான் கேட்டேன். எல்லாம் சேர்த்தே போடுன்னு அழகிரி சார்தான் சொன்னாங்க. எழுத்துல இல்லை. அவங்க இல்லைன்னு சொன்னா என்கிட்ட அத்தாட்சி கிடையாது."

மானேஜர் அழகிரி பக்கம் திரும்பினார். அழகிரி மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அதற்குள் விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, சவரிராயன் எண்ணெய்க் கையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பியூன் தடுத்தும் நிற்கவில்லை.

"ஏங்க, என் ஓவர்டைம் காசைப் பிடிச்சிருக்கீங்களாமே? கிறிஸ்துமஸ் சமயத்துல என் சம்சாரத்தை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, கூலி ஏன் குறையுதுன்னு கூலி குடுக்கிற ஜன்னல்லதான் வந்து கேட்டேன். சட்டம் மாறிடுச்சு போய்யான்னு விரட்டினாரு அழகிரி சார். கம்மலை வித்துட்டுத்தான் மருந்து வாங்கினேன்!"

அழகிரி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மானேஜர் முன்னால் அவர் உட்கார்ந்து வீரம்மாள் பார்த்ததே இல்லை.

"நான்தான் சொன்னேன் சார். அந்தப் பொண்ணு மேல தப்பில்லை. ஏப்ரல்ல ஃபண்டு பத்தி வந்த சர்க்குலரைச் சரியாப் படிக்கலை."

"படிக்கலையா!" என்று மானேஜர் கத்தினார்.

"சார்," என்று வீரம்மாள் குறுக்கிட்டாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "திட்டுறதை ஏப்ரல்ல திட்டுங்க. இன்னும் பதினொரு நாள்தான் இருக்கு. ஒன்பது பேருக்கும் புதுசாக் கணக்குப் போடணும், டிரஸ்டிங்ககிட்டக் கையெழுத்து வாங்கணும்."

வேலையை அழகிரியும் அவளும் சேர்ந்துதான் செய்ய வேண்டியிருந்தது. பழைய லெட்ஜர்கள் அவருக்குத்தான் அத்துப்படி. அவர் வாசிப்பார், அவள் அடிப்பாள். எண்களைத் தவிர வேறு பேச்சில்லை. நாலாம் நாள் மத்தியானம் அவர், "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இன்னும் வீட்டுல இருக்கும்மா. பயந்துட்டேன்" என்றார். அவள் அடுத்த தாளை டைப் மெஷினில் சொருகினாள். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த ஜன்னல் பக்கம் திரும்பிய முகம் நினைவை விட்டுப் போகவில்லை.

டிரஸ்டிகளில் ஒருவர் மருங்காபுரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பியூன் பஸ் பிடித்துப் போய்ப் பந்தலிலேயே கையெழுத்து வாங்கி வந்தான். முப்பதாம் தேதி, திருத்திய கணக்கைக் காட்ட வரி ஆபீசுக்கு வீரம்மாளும் அழகிரியும் போனார்கள். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மின்விசிறி தாள்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"வரியிலேர்ந்து தப்பிக்கிறதுக்காக வருஷக் கடைசியில செஞ்ச வேலைன்னு நான் ஏன் நினைக்கக் கூடாது?"

வீரம்மாள்தான் பேசினாள். "திருப்பிக் கொடுக்கிற ஓவர்டைமும் அவங்க சம்பளந்தானுங்களே சார். அதுக்கு உண்டான வரி மூணாவது தாள்ல இருக்கு. மறைச்சது எதுவும் இல்லை."

அவர் மூன்றாவது தாளை எடுத்தார். பேனாவால் வரி வரியாகத் தடவிப் பார்த்தார். பிறகு முத்திரைப் பெட்டியைத் திறந்தார்.

மறுநாள் ஒன்பது பேருக்கும் பணம் கொடுக்கப்பட்டது. ஏப்ரலில் திட்டும் வந்தது. அழகிரியை ஸ்டோருக்கு மாற்றினார்கள்; அங்கிருந்தே ஓய்வு பெற்றார். வீரம்மாளுக்கு எச்சரிக்கைக் கடிதமும், அவர் பார்த்த ஃபண்டு வேலையும் ஒரே நாளில் வந்தன. சம்பளம் மட்டும் ஏறவில்லை. அதற்கு இரண்டு வருஷம் மனு எழுதிப் போராடி வாங்கினாள்.

சவரிராயன் பணம் வாங்கிய அன்று நன்றியெல்லாம் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

"அடுத்த மாசம் எப்படிம்மா பிடிப்பீங்க?"

அவள் சொன்னாள்.

"அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. எழுதினவங்க கையெழுத்தும் போட்டு."

வீரம்மாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பின்னால் நின்ற எட்டுப் பேரும் தங்களுக்கும் வேண்டுமென்றார்கள்.