அரசமரத்துக்கு வைத்த பெருங்காயம்

எங்கள் வீட்டுப் பின்னால் நின்ற அரசமரத்துக்கு ஓர் எண் இருந்தது. மாநகராட்சி ஆட்கள் வெள்ளைப் பெயின்டில் எழுதிவிட்டுப் போன எண். ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். மும்பையில் மரம் உங்கள் சுவருக்குள்ளேயே நின்றாலும் நீங்களாக வெட்டிவிட முடியாது. வார்டு ஆபீஸில் மனுக் கொடுக்க வேண்டும். கார்டன் ஆபீஸர் வந்து நாடா பிடித்து அடிமரத்தை அளப்பார். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டு மரத்தின் மேலேயே நோட்டீஸ் ஒட்டுவார்கள். பிறகு கமிட்டி கூடி முடிவு சொல்லும். கேட்காமல் கை வைத்தால் கேஸ். முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

தாராவியில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். திலக் நகர்ப் பக்கம், மாடி இல்லாத ஒரு சாலில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், கடைசி வீட்டில் நானும் மனைவி செல்லத்தாயும் இருக்கிறோம். கடைசி வீடு என்பதால் பின்னால் கொஞ்சம் மண்தரை உண்டு. மரம் நின்றது அங்கேதான். அதை ஒட்டிச் சமையலறை, மேலே சிமென்ட் ஷீட். அந்த வருட மழையில், ஒரு மத்தியானம், கொப்பு ஒன்று ஒடிந்து ஷீட்டைப் பிளந்துகொண்டு அடுப்பின் மேல் விழுந்தது. செல்லத்தாய் அந்த நேரம் பார்த்து உப்பு எடுக்க இரண்டு எட்டு தள்ளிப் போயிருந்தாள். "ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்ல" என்று உப்பு ஜாடியைக் கையில் பிடித்தபடியே திரும்பத் திரும்பச் சொன்னாள். தரையில் உட்கார்ந்துவிட்டது நான்தான்.

மழை விட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரக் கிடங்கு தோண்டினார்கள். அதன்பிறகு மரம் எங்கள் பக்கம் சாயத் தொடங்கியது. தொழில் புத்தி, கூரை விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, ஞாயிறுதோறும் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். இரண்டு விரல் இருந்தது ஒரு விரல் ஆனது. தைப்பொங்கல் முடிந்த கையோடு மனுக் கொடுத்தேன். சான்பாடாவில் இருக்கும் மகள், முடிவு வரும்வரை அங்கே வந்து இருக்கச் சொல்லி அழுதாள். "மரத்துக்குப் பயந்து மருமவன் வீட்ல போயி உக்காரச் சொல்லுதியளா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு செல்லத்தாய் அதே அடுப்படியில் தோசை சுட்டாள். அவள் உள்ளே நிற்கும் நேரமெல்லாம் நான் வாசலில் நின்று கொப்புகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். காகம் வந்து உட்கார்ந்தால்கூட அவளை வெளியே கூப்பிடுவேன்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டு மங்கல் தாயி. அக்காவை மராத்தியில் தாயி என்பார்கள். கணவர் இல்லாதவர், எங்களைவிட மூத்தவர். சனிக்கிழமை தவறாமல் அந்த அரசமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார். அவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது. தாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டீஸை நிதானமாகப் படித்தார். மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாபி டர் கயி நா?" என்று என்னிடம் கேட்டார். உன் பெண்டாட்டி பயந்துபோனாள் இல்லையா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். அவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆனாலும் அனுமதி வரவில்லை. ஃபைல் கமிட்டியில் இருக்கிறது என்றே மே மாதம் வரை சொன்னார்கள். மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான். அப்போதுதான் எனக்கு ஊர்ப் புத்தி வேலை செய்தது. நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊரில், வேலித் தகராறு ஒன்றில், என் சித்தப்பா பக்கத்து வயல்காரரின் பூவரசில் துளை போட்டுப் பெருங்காயத்தை வைத்து அடைத்தார். மரம் பட்டுப்போனது. பெருங்காயத்தால்தானா என்று யாரும் ஆராயவில்லை, ஊரே அப்படித்தான் நம்பியது. நானும் நம்பினேன். பட்ட மரம் என்றால் வெட்ட உடனே அனுமதி கொடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். கிங்ஸ் சர்க்கிள் கடையில் கட்டிப் பெருங்காயம் வாங்கினேன். செல்லத்தாய் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில், கைத் துரப்பணத்தால் அடிமரத்தில் சாய்வாகத் துளை போட்டு, பெருங்காயத்தைத் திணித்து, களிமண்ணால் பூசினேன். திரும்பிப் பார்த்தால் மங்கல் தாயி ஜன்னலில் நிற்கிறார். நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. சாலின் வாசலில் போலீஸ் வண்டி நின்றால் எனக்குத்தான் என்று நினைப்பேன். அதைவிட மோசம், காய்ந்த மரம்தான் சீக்கிரம் விழும் என்ற சாதாரண விஷயம் வைத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. முதல் மழை பெய்ததும் களிமண் கரைந்து, துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது. பின்புறம் முழுக்க வாடை.

"நான் இன்னிக்கு சாம்பாரே வைக்கல. எங்கேருந்து பெருங்காயம் மணக்கு?" என்றாள் செல்லத்தாய். நான் சொன்னேன். "அரசமரத்துல போயா?" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளே கார்டன் ஆபீஸர் இரண்டாவது தடவை பார்வையிட வந்தார். சின்ன வயது, மராத்திக்காரர், கணுக்கால் வரை சேறு. மரத்தைச் சுற்றி வந்தவர் துளையின் முன்னால் நின்றார். விரலை விட்டு மோந்து பார்த்தார். "ஹிங்?" என்றார். பெருங்காயம்தான், எப்படி இல்லை என்பது? முப்பது வருடம் பேசிய இந்தியில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

மங்கல் தாயி குறுக்கே வந்தார். "ஔஷத் ஆஹே, சாஹேப்" என்றார். மருந்து ஐயா. பிறகு என்னைக் காட்டிக் கடகடவென்று மராத்தியில் பேசினார். பச்சைப்பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளில் தடவுகிறோம் இல்லையா, அதுபோல் இந்த மதராசி, மரத்துக்குப் பூச்சி என்று நினைத்து மருந்து வைத்தார், என் கண்ணால் பார்த்தேன், வெட்ட மனுக் கொடுத்த பிறகும் காப்பாற்றப் பார்த்த மனுஷன் இவர். தாயி பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. போலீஸே வந்திருக்கலாம் என்று எனக்கு அந்த நிமிடம் தோன்றியது.

ஆபீஸர் என்னை ஒருமுறை பார்த்தார். அவர் நம்பினாரா தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் வேர் வெட்டுப்பட்டிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு, ஆபத்து என்று எழுதிவிட்டுப் போனார். பத்து நாளில் அனுமதி வந்தது. ஆட்கள் வந்து ஒரே பகலில் அறுத்து எடுத்துப் போனார்கள். தாயி அன்று கதவைத் திறக்கவில்லை.

அனுமதிக் கடிதத்தில் நிபந்தனை இருந்தது. பதிலுக்கு இரண்டு கன்று நட வேண்டும், ஏழு வருடம் வளர்க்க வேண்டும், வருடாவருடம் படம் எடுத்துக் காட்ட வேண்டும். இன்னும் இரண்டு வருடத்தில் ஊருக்கே போய்விடுவது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். உறுதிமொழிப் படிவத்தில் வழக்கம்போல் நிரந்தர முகவரி என்று ஊர் விலாசத்தை எழுதினேன். கிளார்க் அதை அடித்துவிட்டு, கன்று இங்கேதானே நிற்கும் என்றார். திலக் நகர் விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது செல்லத்தாய், "அப்ப ஊருக்கு?" என்று கேட்டாள்.

ஒரு வேம்பு, ஒரு புங்கம். மரம் விழுமோ என்று பயந்தவன் இப்போது கன்று சாகுமோ என்று பயப்படுகிறேன். காலையில் பல் தேய்க்கும் முன்னால் இலையைத்தான் எண்ணுகிறேன். போன வாரம் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. இந்த வெயிலில் மூன்று நாள் தண்ணீர் இல்லாவிட்டால் கன்று தாங்காது. நான் ஊற்றுகிறேன், நீங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகப் போய் வாருங்கள் என்று மங்கல் தாயி தாமாகவே வந்து சொன்னார். அரசமரத்துக்கு ஊற்றிய அந்தக் கையால் இந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். செல்லத்தாய் மட்டும் ரயில் ஏறினாள்.

கொடையன்று சாயங்காலம் போன் செய்தாள். பின்னால் மேளம். "ஒங்க பேருக்கும் கோயில் வரி குடுத்தாச்சு. ஆளு எங்கன்னு எல்லாரும் கேக்காவ. நான் என்ன சொல்லட்டும்?"

"காய்ச்சல்னு சொல்லிரு" என்றேன்.

அவள் போனைக் கோயில் பக்கம் திருப்பிப் பிடித்தாள். ஒரு காதில் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அங்கே காய்ச்சலில் படுத்திருந்த, இங்கே டிக்கெட் கிடைக்காத நான், புங்கத்தின் அடியில் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினேன். பக்கத்தில் மங்கல் தாயியின் ஜன்னல் திறந்திருந்தது.