கிழக்கே ஒரு விரிசல்

மேப் டீச்சர் பால் பாக்கெட்டைக்கூட மோந்து பார்த்துத்தான் வாங்குவாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். இழுத்ததில் பூட்டு விட்டுப்போயிருக்குமோ என்று இன்னொரு முறை இழுப்பாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தா" என்று பஸ் கண்டக்டரான அவள் புருஷன் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள்.

பாடம் நடத்துவதும் அப்படித்தான். ஆப்பிரிக்கா என்று பெயரைச் சொல்லமாட்டாள். புத்தகத்தைத் திறக்க விடமாட்டாள். வேலைக்குச் சேர்ந்த வருஷம் இரண்டு பலகைகளை ஒட்டி, அதன்மேல் அவளே பிளாஸ்டரில் செய்த கண்டம் மேப் ரூமின் நடுவில் ஒரு மேஜைமேல் கிடக்கும். பிள்ளைகள் மேட்டில் தண்ணீரை ஊற்றி, அது எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். ஓர் ஓடை வடக்கே நெடுக இறங்கும். இன்னொன்று வளைந்து மேற்குக் கடலுக்குப் போகும்.

"டீச்சர், தண்ணி மேலே ஏறுது!" என்று வருஷத்துக்கு ஒருத்தியாவது கத்துவாள்.

"வடக்குன்னா மேலேன்னு யாருடி சொன்னா? மேப்பைச் செவுத்துல மாட்டினவனா?"

பிறகு தென் அமெரிக்காவை அட்டையில் வெட்டிக் கையில் கொடுப்பாள். கண்டத்தின் மேற்குக் கரையோடு அது பொருந்தும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். "பொருந்துதுன்னு உடனே நம்பிடாதீங்க. ரெண்டு பக்கமும் பாறை ஒத்துப்போகுதா? பாறைக்குள்ள பழைய எலும்பு ஒத்துப்போகுதா? அப்புறம் நம்பலாம்." அதற்குப் பின்தான் முன்பு ஒட்டிக் கிடந்த பெருங்கண்டத்துக்கான கோண்டுவானா என்ற சொல் கரும்பலகைக்கு வரும்.

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து. பக்கத்து அறை சயின்ஸ் மாஸ்டருக்குச் சாமான்கள் வைக்க இடம் போதவில்லையாம். வியாழக்கிழமை வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அறை யாருக்கு என்று முடிவு செய்வதாக ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். அறை போனால் கண்டமும் போகும். அவ்வளவு பெரிய பலகை வேறு எந்த வாசலிலும் நுழையாது.

திங்களன்று கண்டத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு கீறல் தெரிந்தது. பிளாஸ்டர் குழைத்துப் பூசினாள். செவ்வாயன்று அதே இடத்தில், இன்னும் நீளமாக.

சயின்ஸ் மாஸ்டர் காலையில் வணக்கம் வைத்தபோது அவர் நகத்தைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக ஏன் இருக்கவேண்டும்?

"உளி வச்சுப் பிளக்கிறான்" என்றாள் வீட்டில்.

"ஏம்மா, அந்த ஆளு ஒரு தவளையை அறுக்கவே கைநடுங்கி, பசங்களை விட்டு அறுக்கச் சொல்வாராம். அவரு போய் கண்டத்தைப் பிளக்கிறாரா?"

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்க."

"டிக்கெட் எடுக்காதவன் தவிர" என்றார் அவர்.

புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் அவள் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. மேப் ரூமை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள். வெளியே சாவி திரும்பும் சத்தம். சயின்ஸ் மாஸ்டர் உள்ளே வந்தார். நேராக ஜன்னலுக்குப் போய் இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டார். வெயில் மேஜைமேல் விழுந்தது.

"கையும் களவுமா மாட்டினீங்க" என்று வெளியே வந்தாள்.

அவர் துள்ளி விழுந்தார். "ஐயோ! ஏங்க, உயிரே போச்சு!"

"சாவி ஏது?"

"பியூன்கிட்ட வாங்கினேன். உங்க ரூம்ல ஊறின வாடை. செவுத்தைத் தாண்டி வருது, சோறு இறங்கலை. இந்த வாரம்தான் தினம் கொஞ்ச நேரம் திறந்துவச்சிட்டுப் பூட்டிடறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டயா?" என்றார் அவர்.

அப்போது டப் என்று ஒரு சத்தம். இருவரும் மேஜையிலிருந்து எட்டத்தில்தான் நின்றார்கள். யாரும் தொடாமலே கீறல் தெற்கே ஒரு விரல் நீளம் ஓடியது.

அவள் குனிந்து பலகையின் அடியைத் தடவினாள். ஈரம். வருஷா வருஷம் பிள்ளைகள் ஊற்றிய நீர் இறங்கி மரம் ஊறியிருந்தது. மேலே வெயில் காய்ந்ததும் பலகைகள் ஒட்டு விட்டு விலகுகின்றன. பாதி அவள் தண்ணீர், பாதி அவர் வெயில். பூசி மறைக்க நேரமில்லை, பூசினாலும் நிற்காது.

வியாழனன்று ஹெட்மாஸ்டர் பின் பெஞ்சில் உட்கார்ந்தார். சயின்ஸ் மாஸ்டரும் வந்திருந்தார். ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள். அது வழக்கமான ஓடைகளில் பாதிதான் போனது. மீதி விரிசலில் இறங்கி நீள நீளமாகத் தேங்கியது.

"உடைஞ்சுடுச்சு டீச்சர்."

"நம்ம பலகை ஊறிப் பிரிஞ்சிருக்கு. நிஜக் கண்டமும் இதே பக்கம் கிழியுது. அடியில இருந்து இழுபடுது. வருஷத்துக்கு ஒரு நகம் அகலம்கூட இருக்காது. அங்கயும் இப்படித்தான் நீளமா ஏரிங்க. ரொம்ப காலம் கழிச்சுக் கடல் உள்ளே வரலாம்னு சொல்றாங்க. நம்பாதீங்க, எப்படி அளந்தாங்கன்னு கேளுங்க."

எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஹெட்மாஸ்டர் மேஜையருகே வந்து விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். "போன வாரம் நல்லா இருந்துச்சே. நான் வர்ற அன்னைக்குன்னு பார்த்து, சரியா நிஜக் கண்டம் கிழியற இடத்துலயே பிளந்திருக்கு. நீங்களே பண்ணினீங்களா?"

அவளுக்கு முகம் சுட்டது. இவ்வளவு காலம் பிறர்மேல் வைத்த பார்வையை இப்போதுதான் எதிரே நின்று பார்க்கிறாள். சாட்சி ஒருவர்தான். அவரைத்தான் நேற்றுவரை அவள் சந்தேகப்பட்டாள்.

"தானாத்தான் விட்டுச்சு சார். நானே பார்த்தேன்" என்றார் சயின்ஸ் மாஸ்டர். "அந்த அளவுக்கு ரூம்ல ஈரம். என் சாமானை இங்கே வச்சா துருப்பிடிச்சிடும். எனக்கு வேண்டாம்."

ஹெட்மாஸ்டர் தலையாட்டிவிட்டுப் போனார். அறை அவளிடமே நின்றது.

"நேத்து வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தவரு இன்னைக்கு எப்படி வேண்டாம்னார்?" என்றாள் ராத்திரிச் சாப்பாட்டில்.

"உதவி பண்ணியிருக்காரும்மா."

"அதான். ஏன் பண்ணினார்?"

புருஷன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.